யார் வண்டி இது? ஷெட்டில் நிற்கும் ஒரு பழைய ரேஸ் கார்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோட் ஒரு ரேஸ் காரைப் பற்றியது. ஆனா நான் ஒரு ஸ்கூட்டரில் இருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்பாவோட பழைய பஜாஜ் சேட்டக் ரொம்ப வருஷமா நின்னுட்டு இருந்தது. லாக்டவுன் நேரம். வேலை வீட்டிலிருந்து, கையில் கொஞ்சம் சேமிப்பு, யூடியூபில் ஆயிரம் வீடியோ. ரெஸ்டோர் பண்ணிடலாம்னு இறங்கிட்டேன். பழைய பெயின்ட்டை மொத்தமா சுரண்டினேன். இடது பக்க பேனலில் ஒரு பெரிய நெளிசல் இருந்தது. டிங்கரிங் பண்ண யார் அலையறதுன்னு, புதுப்பேட்டையில் வேற பேனல் வாங்கினேன். ஹேண்டில் கிரிப், சீட்டு, ஸ்பீடோமீட்டர் எல்லாம் புதுசு. கழட்டினதை மூட்டை கட்டி காயலான் கடையில் போட்டேன். நாலு மாசம் கழிச்சு வண்டி ஷோரூமில் இருந்து வந்த மாதிரி பளபளன்னு நின்னுச்சு.

அப்பா வந்து வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். அப்புறம் இடது பக்கம் குனிஞ்சு, அந்தப் பேனலைக் கையால் தடவிட்டு, "யார் வண்டி இது?" என்று கேட்டார்.

கிண்டல்னு நினைச்சேன். அம்மாதான் அப்புறம் சொன்னாங்க. அந்த நெளிசல் நான் போட்டதாம். நாலு வயசுல ஸ்டாண்டு போட்டிருந்த வண்டி மேல ஏறி, வண்டியோட சேர்ந்து கீழ விழுந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலை, வண்டிக்குத்தான் அடி. அதை அப்பா கடைசி வரைக்கும் சரி பண்ணவே இல்லை.

ஒரு பழைய வண்டியை ரெஸ்டோர் பண்ணும்போது நாம எதைக் காப்பாத்துறோம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனப்போதுதான் ஒரு விசித்திரமான உலகத்துக்குள் விழுந்தேன். வீட்டு ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில், ஐம்பது வயதான பந்தயக் கார்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் உலகம். அவர்களுக்கும் இதே கேள்விதான். ஒரே ஒரு வித்தியாசம். என் ஸ்கூட்டரில் தப்பு நடந்தால் அப்பா வருத்தப்படுவார். அவர்கள் காரில் தப்பு நடந்தால் ஆள் செத்துப்போவார்.

மோட்டார் கம்பெனி இல்லை, பட்டறை

முதலில் இது என்ன கார் என்று சொல்லிவிடுகிறேன். ஓப்பன் வீல் என்றால் சக்கரங்களுக்கு மேல் மட்கார்டு கிடையாது, நாலும் வெளியே தெரியும். ஒரே ஒரு சீட்டு. டிவியில் ஞாயிறு மாலை பார்க்கும் ஃபார்முலா 1 கார் இந்தக் குடும்பத்தின் பணக்காரப் பிள்ளை. நான் பேசப்போவது அதே குடும்பத்தின் நடுத்தர வர்க்கத்தைப் பற்றி.

இந்தக் கார்களை வீட்டில் பிரித்து வேலை பார்க்க முடிகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. இவை பிறந்ததே கிட்டத்தட்ட வீட்டில்தான்.

1946. இரண்டாம் உலகப் போர் முடிந்த இங்கிலாந்து. பெட்ரோலுக்கு ரேஷன், இரும்புக்குத் தட்டுப்பாடு. லண்டனுக்குத் தெற்கே சர்பிட்டன் என்ற ஊரில் சார்லஸ் கூப்பர் என்பவர் ஒரு கராஜ் வைத்திருந்தார். அவர் மகன் ஜான், ஜானின் நண்பர் எரிக் பிராண்டன் இரண்டு பேருக்கும் ரேஸ் ஓட்ட ஆசை. காசில்லாதவர்களுக்காக அப்போதுதான் 500 சிசி பந்தய வகுப்பு ஒன்று ஆரம்பித்திருந்தது. மோட்டார் சைக்கிள் இன்ஜின் போட்டுக் காரை ஓட்டலாம்.

இவர்கள் செய்தது இதுதான். ஃபியட் டோபோலினோ என்ற குட்டிக் காரின் முன்பாதி இரண்டை எடுத்தார்கள். ஒன்றை முன்னால் வைத்தார்கள், இன்னொன்றைத் திருப்பிப் பின்னால் வைத்தார்கள், நடுவில் வெல்டிங் அடித்தார்கள். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கிடைத்துவிட்டது. இன்ஜினை எங்கே வைப்பது? மோட்டார் சைக்கிள் இன்ஜின் என்பதால் பின் சக்கரத்துக்கு செயின் போக வேண்டும். அதனால் டிரைவருக்குப் பின்னால் வைத்தார்கள். பெரிய சித்தாந்தம் எதுவும் இல்லை, அதுதான் வசதி.

அந்த வசதி என்ன செய்தது தெரியுமா? 1958-ல் அர்ஜென்டினா கிராண்ட் ப்ரீயில் ஸ்டிர்லிங் மாஸ் ஒரு கூப்பரை ஓட்டி ஜெயித்தார். இன்ஜின் பின்னால் இருக்கும் கார் உலக சாம்பியன்ஷிப்பில் ஜெயித்த முதல் பந்தயம் அது. 1959, 1960 இரண்டு வருடமும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். அடுத்த சில வருடங்களில் ஃபெராரி உட்பட எல்லோரும் இன்ஜினைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். இன்றைக்கு வரை அது அங்கேயேதான் இருக்கிறது.

ஆயிரம் பவுண்டு கணக்கு

அடுத்த காட்சி 1967. பிராண்ட்ஸ் ஹாட்ச் என்ற ரேஸ் டிராக். அங்கே ஒரு டிரைவிங் ஸ்கூல், ரேஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஸ்கூல். அவர்களுக்கு ஒரு தீராத தலைவலி. ரேஸ் இன்ஜின் விலை அதிகம், ஆயுள் குறைவு. கற்றுக்குட்டிகள் கையில் அது அடிக்கடி வெடிக்கும். சரி, கடையில் விற்கும் ஃபோர்டு கோர்ட்டினா காரின் இன்ஜினைப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டார்கள். கார் நன்றாகவே ஓடியது, இன்ஜினும் உடையவில்லை.

அந்த ஸ்கூலை நடத்திய ஜெஃப் கிளார்க், டிராக்கை நடத்திய ஜான் வெப், இரண்டு பேரும் சேர்ந்து இதை ஒரு பந்தய வகுப்பாகவே மாற்றினார்கள். ஃபோர்டு கம்பெனியும் கை கொடுத்தது. பெயர் ஃபார்முலா ஃபோர்டு. முதல் பந்தயம் 1967 ஜூலை 2.

இதன் விதிகளைப் படிக்கும்போது ஒரு இன்ஜினியராக எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சிக்கனமான டிசைனுக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். காரின் விலை 1000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆரம்ப இலக்கு. சேஸிஸ் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. இன்ஜின் ரோட்டில் ஓடும் காரின் இன்ஜின், அதில் கை வைக்க அனுமதி மிகக் குறைவு. இறக்கை கிடையாது. டயரில் பட்டன் இருக்க வேண்டும், வழவழப்பான ஸ்லிக் டயருக்கு அனுமதி இல்லை.

ஆரம்பத்தில் 1500 சிசி, சீக்கிரமே 1600 சிசி ஆனது. சுமார் 110 குதிரைத்திறன். கேட்கக் குறைவாக இருக்கலாம். ஆனால் காரின் எடை அரை டன்னுக்கும் குறைவு. நேர்ப்பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும். உங்கள் இடுப்பு தரையில் இருந்து ஒரு ஜாண் உயரத்தில் இருக்கும். அந்த நிலையில் 200 எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மற்ற பாகங்களும் இப்படித்தான். கியர்பாக்ஸ் ஹியூலண்ட் என்ற இங்கிலாந்துக் கம்பெனியுடையது. ஆனால் அதன் வெளிக்கூடு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் இருந்து வந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே ரேஸ் கியர்களைப் போட்டிருப்பார்கள். பல கார்களில் முன்சக்கரத்தைத் தாங்கும் பாகம் டிரையம்ப் கம்பெனியின் சாதாரணக் காருடையது. மொத்தத்தில் இது ஒரு பொங்கல் பானை. எல்லோர் வீட்டு அரிசியும் உள்ளே இருக்கிறது.

லோட்டஸ், மெர்லின், டைட்டன், ஹாக், ராயல், கிராஸ்லே, வான் டீமன் என்று ஏகப்பட்ட சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் முளைத்தார்கள். ஜேம்ஸ் ஹன்ட் இதில் ஓட்டியிருக்கிறார். 1981-ல் பிரேசிலில் இருந்து வந்த ஒரு இருபத்தோரு வயதுப் பையன், வான் டீமன் காரில் ஒரே வருடத்தில் இரண்டு சாம்பியன்ஷிப் ஜெயித்தான். அவன் பெயர் அயர்டன் சென்னா.

யாரும் பத்திரப்படுத்தாத வரலாறு

இங்கேதான் ரெஸ்டோரேஷன் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஒரு மெர்லின் கார் இருந்தது. மெர்லின் எம்கே 11ஏ. 1969-ல் அதை எமர்சன் ஃபிட்டிபால்டி ஓட்டினார். பிறகு காலின் வாண்டர்வெல் ஓட்டினார். 1971-ல் தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்த ஜோடி ஷெக்டர் ஓட்டினார். மூன்று பேரும் அதில் ஜெயித்ததால் 'மேஜிக் மெர்லின்' என்றே பெயர் வந்துவிட்டது. ஃபிட்டிபால்டி 1972, 1974-ல் உலக சாம்பியன். ஷெக்டர் 1979-ல் உலக சாம்பியன்.

அது அதிர்ஷ்டக் கார், பெயர் நிலைத்துவிட்டது. மற்ற நூற்றுக்கணக்கான கார்களின் கதை வேறு. இவற்றை யாரும் பொக்கிஷமாகப் பார்க்கவில்லை, வேலைக் கருவியாகத்தான் பார்த்தார்கள். இந்த சீசனில் வாங்கி, ஓட்டி, இடித்து, ஒட்டி, அடுத்த சீசனில் விற்றுவிடுவார்கள். வாங்கியவர் தன் உயரத்துக்கு ஏற்றபடி பெடலை நகர்த்துவார். மூக்கு உடைந்தால் வேற மூக்கு, குழாய் வளைந்தால் வெட்டி வேற குழாய். நாலு கை மாறிய பிறகு ஒரு நாள் காலாவதியாகும். தார்ப்பாயைப் போட்டு மூடி ஒரு ஷெட்டின் மூலையில் தள்ளுவார்கள். நாப்பது வருஷம் கழிச்சு யாரோ அந்தத் தார்ப்பாயைத் தூக்குவாங்க.

அந்த 'யாரோ' பெரும்பாலும் பணக்காரர் கிடையாது. பணக்காரர்கள் பழைய ஃபெராரி வாங்குவார்கள். இதை வாங்குபவர் ஒரு பிளம்பராக இருக்கலாம், ரிட்டயர்டு வாத்தியாராக இருக்கலாம். இரண்டு ஆள் தூக்கி நகர்த்தக்கூடிய சேஸிஸ், வீட்டு ஷெட்டுக்குள் அடங்கும் அளவு, பெட்டி நிறைய ஸ்பேனர். இது போதும் என்று நினைத்து இறங்குவார்.

தூக்குக்குண்டும் சாக்பீஸும்

முதல் வேலை பிரிப்பது. ஆனால் அனுபவசாலிகள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேமராவை எடுப்பார்கள். ஒவ்வொரு பைப் எந்தப் பக்கம் வளைந்து போகிறது, எந்த போல்ட்டில் எத்தனை வாஷர், எந்த இடத்தில் யாரோ கூடுதலாக ஓட்டை போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் படம் எடுத்து, கவர்களில் போட்டு, எண் எழுதி வைப்பார்கள்.

பெயின்ட்டை மொத்தமாகச் சுரண்ட மாட்டார்கள். ஒரு ஓரத்தில் மெல்லிய உப்புத்தாள் வைத்து மெதுவாகத் தேய்ப்பார்கள். மேலே சிவப்பு, அதற்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே மஞ்சள், அந்த மஞ்சளில் பாதி அழிந்த ஒரு எண். மரத்தை வெட்டினால் வளையம் தெரிகிற மாதிரி, காரின் உரிமையாளர்கள் வரிசையாகத் தெரிவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பழைய பந்தய நிரல்களில், பத்திரிகைப் படங்களில் தேடுவார்கள். நான் என் சேட்டக்கில் ஒரே நாளில் சுரண்டித் தள்ளியது இதைத்தான்.

பிறகு சேஸிஸ். இது கோணியிருக்கிறதா? பெரிய பட்டறையில் இதற்கு ஜிக் இருக்கும். வீட்டில் என்ன செய்வார்கள்? சேஸிஸை சமமான தரையில் கட்டைகள் மேல் வைத்து, ரசமட்டம் பார்த்து, முக்கியமான புள்ளிகளில் இருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுவார்கள். அது தொடும் இடத்தில் தரையில் சாக்பீஸால் குறி. பிறகு மூலைக்கு மூலை அளப்பார்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் சேஸிஸ் நேராக இருக்கிறது. நம்ம ஊர் கொத்தனார் வீட்டுக்கு மூலை மட்டம் பார்ப்பதும் இதே கணக்குதான். பித்தாகரஸுக்கு பாஸ்போர்ட் தேவையில்லை.

அடுத்தது குழாய்கள். ஆபத்து இங்கே கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் சில தயாரிப்பாளர்கள் எடையை மிச்சப்படுத்த ஒரு வேலை செய்தார்கள். ரேடியேட்டர் தண்ணீருக்குத் தனி பைப் போடாமல், சேஸிஸ் குழாய்க்குள்ளேயே தண்ணீரை ஓடவிட்டார்கள். புத்திசாலித்தனம்தான், ஒரு சீசனுக்கு. ஐம்பது வருடத்தில் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும், உள்ளே இரும்பு காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். 'டிங் டிங்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டொக்' என்று மாறும். அந்தக் குழாயை வெட்ட வேண்டியதுதான்.

வெட்டுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு குழாய் மட்டும். வெட்டி, புதுக்குழாயைச் சரியான வளைவில் அராவிப் பொருத்தி, ஒட்டிய பிறகுதான் அடுத்தது. இரண்டை ஒன்றாக வெட்டினால் கூடு கோணிவிடும். நாங்கள் ஆஃபீஸில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சாஃப்ட்வேரை மாற்றும்போது இப்படித்தான் பயந்து பயந்து ஒவ்வொரு மாட்யூலாக மாற்றுவோம். மொத்தமாகத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதலாம் என்று ஒரு ஆள் எப்போதும் சொல்வார். அந்த ஆள் நானாக இருந்திருக்கிறேன்.

சிவப்புக் கோடு

இப்போது இந்த எபிசோடின் மையத்துக்கு வருகிறேன்.

சக்கரத்தைச் சேஸிஸோடு சேர்க்கும் வார்ப்புப் பாகம் ஒன்று இருக்கிறது, அப்ரைட் என்பார்கள். பழைய ரேஸ் கார்கள் பலவற்றில் அது அலுமினியத்தில் இருக்கும், சிலவற்றில் மக்னீசியத்தில். மக்னீசியம் மிக லேசான உலோகம். ஆனால் ஈரம் பட்டால் அரித்துக்கொண்டே போகும். ஐம்பது வருடம் ஷெட்டில் நின்ற மக்னீசியம் பார்வைக்கு நன்றாக இருக்கும், பலம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் ஒரு சோதனை. பாகத்தைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, ஒரு சிவப்புச் சாயத்தை ஸ்ப்ரே செய்வார்கள். கொஞ்ச நேரம் விடுவார்கள். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடரை ஸ்ப்ரே செய்வார்கள். விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்த சாயம் வெள்ளைக்கு மேலே ஒரு மெல்லிய சிவப்புக் கோடாக ஊறி வரும். தலைமுடியை விட மெலிசான விரிசலும் தெரிந்துவிடும்.

அந்தக் கோடு வந்தால் என்ன செய்வீங்க?

அந்த அப்ரைட் 1970-ல் வார்த்தது. காரோடு சேர்ந்து எல்லாப் பந்தயத்துக்கும் போனது. அதைக் கழட்டிவிட்டுப் புது வார்ப்பைப் போட்டால் காரின் ஒரு துண்டு வரலாறு போகிறது. போடாவிட்டால், 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவில் அந்தச் சக்கரம் தனியாகப் போகும். இந்தக் கார்கள் மியூசியத்துக்குப் போவதில்லை. இங்கிலாந்தில் 1972-க்கு முந்தைய ஃபார்முலா ஃபோர்டுகளுக்கென்றே தனிப் பந்தயத் தொடர் நடக்கிறது. ஷெட்டில் வேலை முடிந்ததும் கார் அங்கே போகும். உள்ளே ஒரு மனிதர் உட்காருவார். பெரும்பாலும் ரெஸ்டோர் செய்த அதே மனிதர்.

இதில் நல்ல ரெஸ்டோரர்கள் யோசிப்பதே இல்லை. கோடு வந்த பாகம் காரில் போகாது. சீட் பெல்ட் காலாவதி தேதியோடு வருகிறது, அதுவும் புதுசுதான். பழைய பெட்ரோல் டேங்குக்குப் பதிலாகக் கிழியாத ரப்பர் பை வைத்த டேங்கைப் போடுவார்கள். டிரைவர் தலைக்குப் பின்னால் இருக்கும் வளைவு, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார், அன்றைக்கு ரொம்பக் குட்டை. அதையும் விதிப்படி உயர்த்துவார்கள்.

இன்ஜின் விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல செய்தி. இந்த வகை இன்ஜினுக்குக் கென்ட் என்று பெயர். ரோட்டுக் கார்களில் அது போய்ப் பல காலம் ஆன பிறகும், ரேஸ்காரர்களின் தேவைக்காக 2010 வாக்கில் ஃபோர்டு கம்பெனியின் ரேஸிங் பிரிவு அந்த இன்ஜின் பிளாக்கை மறுபடியும் புதிதாக வார்த்து விற்றது. அறுபதுகளின் டிசைனுக்குப் புது உடம்பு.

ஆனா இப்போ கணக்குப் போடுங்க. இன்ஜின் பிளாக் புதுசு. அப்ரைட் புதுசு. டேங்க், பெல்ட், டயர், பாதிக் குழாய் புதுசு. இது அதே கார்தானா?

கோர்ட்டுக்குப் போன கேள்வி

இந்தக் கேள்வி 1990-ல் லண்டன் ஹைகோர்ட்டில் நிஜமாகவே விசாரணைக்கு வந்தது. அது ஓப்பன் வீல் கார் இல்லை, பென்ட்லி ஸ்போர்ட்ஸ் கார். பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த கார். அதற்குப் பிறகு பல முறை மாற்றி அமைத்தார்கள். 1932-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். பிறகு மறுபடி கட்டினார்கள், பாடியை மாற்றினார்கள்.

இந்தக் காரை ஒரு கோடிப் பவுண்டுக்கு வாங்க ஒரு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. பிறகு பின்வாங்கியது. இதில் 1929-ன் இரும்பு கொஞ்சம்தான் இருக்கிறது, இது ஓல்ட் நம்பர் ஒன்னே இல்லை என்பது அவர்கள் வாதம். நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு பாகமாக விசாரித்தார். லெ மான்ஸில் ஓடிய பாகங்கள் சொற்பம்தான், அதை அவர் மறுக்கவில்லை. ஆனாலும் இதுதான் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்புச் சொன்னார். காரணம், அந்தக் கார் ஒரு நாளும் இல்லாமல் போகவில்லை. மாறியது, மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் அதன் கதை எங்கேயும் அறுபடவில்லை. அந்த இடத்தில் வேறு ஒரு கார் வந்து உட்காரவில்லை.

இதுதான் எனக்குப் பிடிபட்ட பதில். அடையாளம் இரும்பில் மட்டும் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது.

ஆனால் தொடர்ச்சி என்பது தானாக நிற்காது, யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு பழக்கமான குழப்பம் உண்டு. ஒருவர் தன் காரின் துருப்பிடித்த சேஸிஸைக் கழட்டிவிட்டு, அதே அளவில் புதுச் சேஸிஸ் செய்து ஓட்டுகிறார். பழசை ஓரமாகப் போடுகிறார். அதை யாரோ வாங்கி, சரி செய்து, அதைச் சுற்றி இன்னொரு கார் கட்டுகிறார். இப்போது ஒரே சேஸிஸ் எண்ணுக்கு இரண்டு கார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்ஐஏ பழைய பந்தயக் கார்களுக்கு ஒரு தொழில்நுட்ப பாஸ்போர்ட் தருகிறது. ஆனால் அது கார் அந்தக் காலத்து அமைப்பில் இருக்கிறது என்றுதான் சொல்லும். இதுதான் அந்தக் கார் என்று உத்தரவாதம் தராது. அந்த வேலை உரிமையாளரின் நோட்டுப் புத்தகத்துக்குத்தான்.

அதனால் நல்ல ரெஸ்டோரர்கள் இரண்டு விஷயம் செய்வார்கள். ஒன்று, எந்தத் தேதியில் எந்தப் பாகத்தை ஏன் மாற்றினேன் என்று எழுதுவார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் கமிட் மெசேஜ். இரண்டு, கழட்டிய பாகத்தை எறிய மாட்டார்கள். விரிசல் விட்ட அப்ரைட் ஒரு பெட்டிக்குள் போகும், சிவப்புக் கோட்டோடு. காரை விற்கும்போது அந்தப் பெட்டியும் கூடவே போகும். ஓடுவதற்குப் புதுப் பாகம், நினைவுக்குப் பழைய பாகம். உயிரா வரலாறா என்ற சண்டையை அந்தப் பெட்டி முடித்து வைக்கிறது.

நம்ம ஊர் ஷெட்டுகள்

இதெல்லாம் இங்கிலாந்து கதை, நமக்கு என்னன்னு கேக்கலாம். நமக்கும் இருக்கு.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் பல வருடம் கார் பந்தயம் நடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. அந்தக் காலத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் என்ற பந்தய வீரர் ஒரு வேலை செய்தார். 1967-ல் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் போட்ட அதே கணக்கு. நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த, எந்த மெக்கானிக்கும் பிரிக்கத் தெரிந்த இன்ஜின் எது? மாருதி 800. அதைப் போட்டு, குறைந்த செலவில் ஒற்றை சீட்டு ஓப்பன் வீல் கார். ஃபார்முலா மாருதி என்று பெயர்.

நரேன் கார்த்திகேயன் தன் ஆரம்ப நாட்களில் ஓட்டியது அந்தக் காரைத்தான். 2005-ல் அவர் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் ஒரு விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையம் பக்கத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஃபார்முலா மாருதியும் வேலைக் கருவிதான். ஓட்டி, இடித்து, ஒட்டி, கை மாறிய கார்கள். யாரும் பொக்கிஷம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். மெர்லினும் லோட்டஸும் ஒரு காலத்தில் அந்த நிலையில்தான் இருந்தன.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்க சொந்தக்காரர் பட்டறையிலோ, தெரிஞ்சவங்க தோட்டத்து ஷெட்டிலோ, மட்கார்டு இல்லாத ஒரு குட்டி ஒற்றை சீட்டுக் கார் தார்ப்பாய்க்குள்ள இருந்தா, ஸ்பேனரை எடுக்காதீங்க. போட்டோ எடுங்க. அதை ஓட்டினவர், வெல்டிங் அடிச்சவர், டியூன் பண்ணினவர் யாராவது இருந்தா உட்கார வச்சுப் பேசி, போன்ல பதிவு பண்ணுங்க. குழாயை எப்ப வேணும்னாலும் வெட்டி ஒட்டலாம். அந்த ஆள் போயிட்டா திரும்ப வார்க்க முடியாது.

என் சேட்டக் விஷயத்தை முடிச்சிடறேன். அந்தப் பேனலைத் தேடி மறுபடி காயலான் கடைக்குப் போனேன். கிடைக்கலை, எப்பவோ உருக்குக்குப் போயிருக்கும். பிரிக்கறதுக்கு முன்னாடி 'பிஃபோர் ஆஃப்டர்' ஸ்டேட்டஸ் போடறதுக்காக எடுத்த ஒரே ஒரு போட்டோ மட்டும் போன்ல இருந்தது. அதுல அந்த நெளிசல் தெளிவா தெரியுது. பிரின்ட் போட்டு, பின்னாடி எந்த வருஷம் யார் விழுந்தாங்கன்னு எழுதி, ஆர்சி புக்கோட கவர்ல வச்சேன். அப்பாகிட்ட காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. சாவியை எடுத்துட்டுப் போய் கடை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தார்.